வெனிஸ்: விருந்து இருக்கிறது, வீட்டார் எங்கே?

கோட்டைக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறோம், அரண்மனைக்கும் மியூசியத்துக்கும் வாங்கியிருக்கிறோம். ஓர் ஊருக்குள் கால் வைக்கவே டிக்கெட் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரல் 25 அன்று வெனிஸில் தொடங்கியது. காலையில் வந்து, சுற்றிவிட்டு, அன்றே கிளம்பிவிடும் வெளியூர்க்காரர்கள் தலைக்கு 5 யூரோ கட்ட வேண்டும். நம் காசில் ஏறக்குறைய 500 ரூபாய். கூட்டம் நெரியும் என்று முன்கூட்டியே குறித்துவைத்த நாட்களில் மட்டும், காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை. அந்த ஆண்டு 29 நாட்களில் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டினார்கள். 24 லட்சம் யூரோவுக்கு மேல் வசூல். மறு ஆண்டு நாட்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ என்று உயர்த்தினார்கள். கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை. விமானம் ஏறி, ரயில் பிடித்து, வாசல்வரை வந்துவிட்டவன் 500 ரூபாயைப் பார்த்தா திரும்பிப் போவான்?

ஏப்ரல் 25 வெனிஸுக்குப் பெரிய நாள். ஊரின் காவல் புனிதரான மாற்கின் திருநாள். பாசிசத்திலிருந்து இத்தாலி விடுபட்டதைக் கொண்டாடும் நாள். 1902-ல் சான் மார்கோ சதுக்கத்து மணிக்கூண்டு பொலபொலவென்று சரிந்து விழுந்ததே, அதை அதே இடத்தில் அதே உருவத்தில் எழுப்பி 1912-ல் திறந்துவைத்ததும் இதே தேதியில்தான். (அத்தனை பெரிய கூண்டு விழுந்ததில் மனித உயிர் ஒன்றும் போகவில்லை, போனது காவலாளியின் பூனை மட்டும் என்பார்கள்.) அப்படிப்பட்ட நாளில் டிக்கெட் திட்டம் தொடங்கியபோது பஸ்கள் வந்து நிற்கும் பியாசாலே ரோமாவில் உள்ளூர்க்காரர்கள் திரண்டு எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். நாங்கள் குடியிருக்கும் ஊரைப் பொருட்காட்சித் திடலாக்கிவிட்டீர்களே என்பது அவர்கள் வாதம்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வெளியூர்க்காரனிடம் காசு வாங்குவது வெனிஸுக்குப் புதிய பழக்கம் அல்ல. ஆயிரம் ஆண்டுகளாக அந்த ஊர் பிழைத்ததே அப்படித்தான்.

கதவைத் திறந்தால் தண்ணீர்

மெஸ்த்ரே ஸ்டேஷனோடு நிலம் முடிகிறது. அங்கிருந்து ரயில் காயல் நீரின் மேல் போகும் நீண்ட பாலத்தில் ஏறுகிறது. 1846-ல் ஆஸ்திரிய ஆட்சியின்போது கட்டிய பாலம். மோட்டார் வண்டிகளுக்கான பாலம் 1933-ல்தான் வந்தது. ரயில் பாலத்துக்கு முன் ஆயிரம் ஆண்டுகள் வெனிஸுக்கு வர ஒரே வழி படகு. எதிரிப் படைக்கும் அதே கதிதான். அதனால்தான் இந்த ஊருக்கு மதில் சுவரே கிடையாது.

சாந்தா லூசியா ஸ்டேஷன் படியில் வந்து நின்றால், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் பெருங்கால்வாய் ஓடுகிறது. முதல் முறை பார்க்கிறவர்கள் அந்தப் படியிலேயே பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கலாம். நானும் உட்கார்ந்தேன். எதிரே பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். காய்கறிப் படகு ஒன்று, சலவைத் துணி மூட்டைகளோடு ஒன்று, சைரன் அலற ஆம்புலன்ஸ் படகு ஒன்று. ஊருக்குள் கார் இல்லை, பைக் இல்லை, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. தீயணைப்பு வண்டியும் குப்பை வண்டியும் சவ ஊர்தியும் படகுதான். சுடுகாடு இல்லாத ஊர் ஏது? இங்கே கல்லறைக்கு என்றே சான் மிக்கேலே என்று ஒரு தீவை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அரசு நடத்தும் படகுப் பேருந்துக்கு வாப்பொரெத்தோ என்று பெயர். 75 நிமிடம் செல்லும் ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ. விலையைக் கேட்டால் வயிறு எரியும். நாள் கணக்கில் பாஸ் எடுத்தால் கொஞ்சம் ஆறும். முதலாம் எண் படகு எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று, சுமார் முக்கால் மணி நேரத்தில் சான் மார்கோவில் இறக்கிவிடும். இதைவிட நல்ல சுற்றுலா வழி எதையும் ஏஜென்ட் விற்க முடியாது. ஏனென்றால் வெனிஸ் மாளிகைகளின் முகப்பு தண்ணீரைப் பார்த்தே இருக்கிறது. தெருவில் நடக்கிறவன் பார்ப்பது கொல்லைப்புறத்தை.

தெரு என்றா சொன்னேன்? சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 118 சிறு தீவுகள், நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், ஒவ்வொரு பாலத்துக்கும் படிகள். நாலு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் மூன்றாவது பாலத்தில் தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். உள்ளூர்ச் சுமைக்காரர்களின் தள்ளுவண்டியில் முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரங்கள் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் படியில் ஊன்றி, பெரிய சக்கரத்தை உருட்டி, சரக்கோடு பாலம் ஏறிவிடுகிறார்கள். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை. ஊரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண். காஸ்தெல்லோ பகுதியில் அது 6,800-ஐத் தாண்டுகிறது. முகவரியை வைத்து வீடு தேடுவதை விட்டுவிட்டு, சுவரில் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் ரியால்ட்டோ, சான் மார்கோ அம்புக்குறிகளை நம்பிப் போவது உடம்புக்கு நல்லது.

சேற்றில் நட்ட காடு

இந்த மாளிகைகள் எதன் மேல் நிற்கின்றன என்று கேட்காமல் வெனிஸைப் பார்த்துவிட்டு வருவதில் பொருளில்லை. மரத்தின் மேல் நிற்கின்றன. ஓக், லார்ச் மரக் கம்பங்களை நெருக்க நெருக்கமாகச் சேற்றில் அடித்து இறக்கி, மேலே பலகை பரப்பி, அதன் மேல் இஸ்திரியா பகுதியிலிருந்து கொண்டுவந்த வெண்கல்லை அடுக்கி, அதற்கு மேல்தான் செங்கல். சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் உளுத்துப்போவதில்லை. வெண்கல் உப்புநீரை எளிதில் உறிஞ்சாது. அதனால் ஈரம் செங்கல்லுக்கு ஏறாமல் தடுத்துவந்தது. பெருங்கால்வாயின் வாயில் நிற்கும் சலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் அடித்ததாகக் கணக்கு.

என்னைக் கவர்ந்தது அதைவிடக் கிணறுகள்தான். சின்னச் சதுக்கம் ஒவ்வொன்றின் நடுவிலும் செதுக்கு வேலைப்பாடுள்ள கல் கிணற்று வாய் ஒன்று மூடிபோட்டு நிற்கும். சுற்றுலாப் பயணிகள் அதன் மேல் காபி கோப்பையை வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அது நிலத்தடி நீர்க் கிணறு அல்ல. சுற்றிலும் உப்புநீர், தோண்டினால் நன்னீர் எப்படி வரும்? சதுக்கத்தையே ஆழமாகத் தோண்டி, உள்பக்கம் களிமண் பூசி, முழுக்க மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கினார்கள். கூரையிலும் தரையிலும் விழும் மழைநீர் சதுக்கத்தில் உள்ள துளைக்கற்கள் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டி, நடு உறையில் ஊறும். நாம் நடந்து போகும் அந்தக் கல்தளம் மொத்தமும் ஒரு மழைநீர் வடிகட்டியின் மூடி. இப்படி ஊருக்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் இருந்தன. பொதுக் கிணறுகளுக்குப் பூட்டு. மணி அடித்தால்தான் திறப்பார்கள். 1884-ல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்த பிறகே இவை ஓய்வுபெற்றன. இப்போது தெருவுக்குத் தெரு குழாய் இருக்கிறது, தண்ணீரும் நன்றாக இருக்கிறது. பாட்டில் வாங்க வேண்டாம்.

கடல் மட்டும் ஓய்வதில்லை. 1966 நவம்பர் 4 அன்று அலையேற்றம் 194 சென்டிமீட்டர். 2019 நவம்பர் 12 இரவு 187. ஊர் தானும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது: எதிர்க்கரை மார்கேரா தொழிற்பேட்டைக்காகச் சென்ற நூற்றாண்டின் நடுவில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை தாழ்ந்தது. அதை நிறுத்திவிட்டார்கள், போனது திரும்பவில்லை. 2003-ல் தொடங்கி, ஊழல் கைதுகளையெல்லாம் தாண்டி, காயலின் மூன்று கடல்வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளைப் பொருத்தினார்கள். சாதாரண நாட்களில் தண்ணீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். அலை 110 சென்டிமீட்டரைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். கதவுகள் மிதந்து எழுந்து கடலை அடைக்கும். 2020 அக்டோபர் 3 அன்று முதல் முறை உண்மையான வெள்ளத்தில் எழுப்பியபோது ஊர் நனையவில்லை. இரண்டே மாதம் கழித்து, டிசம்பர் 8 அன்று, கணிப்பு குறைவாகச் சொன்னதால் கதவை எழுப்பவில்லை. சான் மார்கோவில் முழங்கால் தண்ணீர். எஞ்சினியர்களைவிட வானிலை ஆட்களுக்கே இப்போது வெனிஸில் மரியாதை அதிகமாக இருக்க வேண்டும்.

காசு வாங்கிய கதை

வெளியூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ரியால்ட்டோ பாலத்தை ஒட்டி ஒரு பெரிய சதுரக் கட்டடம் நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மானிய வணிகர்கள் வெனிஸுக்கு வந்தால் தங்கள் இஷ்டத்துக்குத் தங்க முடியாது. இந்த விடுதியில்தான் தங்க வேண்டும், இங்கேதான் சரக்கை இறக்க வேண்டும், அரசு நியமித்த தரகர் முன்னிலையில்தான் விற்க வேண்டும், வரி கட்ட வேண்டும். யூதர்களுக்கு இதைவிடக் கடுமை. 1516-ல் கன்னரேஜோ பகுதியில் ஒரு சிறு தீவை ஒதுக்கி, இரவானால் கதவைப் பூட்டினார்கள். அந்தக் காவலுக்கான கூலியையும் பூட்டப்பட்டவர்களிடமே வசூலித்தார்கள்! பக்கவாட்டில் இடமில்லாததால் அங்கே வீடுகள் மேல்நோக்கி ஏழு, எட்டு மாடி வளர்ந்து நிற்கின்றன. வெனிஸின் சாமர்த்தியத்தை வியக்கிறவர்கள் அந்தச் சதுக்கத்துக்கும் ஒரு முறை போய்வர வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெருசலேம் போகிற யாத்ரிகர்களுக்குப் பேக்கேஜ் டூர் நடத்தியதும் இந்த ஊர்தான். கப்பல் கட்டணம், சாப்பாடு, திரும்பி வருவது எல்லாம் எழுத்தில் ஒப்பந்தமாகும். ஏமாற்றினால் புகார் கொடுக்க அதிகாரிகள் உண்டு. கப்பல் கிளம்பும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட, பல மொழி தெரிந்த கைடுகளைச் சதுக்கத்தில் அரசே நிறுத்தியிருந்தது. கார்னிவலும் இருந்தது. 1638-ல் அரசே சூதாட்ட விடுதி திறந்தது. ஊருக்கு வந்தவன் பையைக் காலி செய்யாமல் அனுப்புவதில்லை என்பதில் மட்டும் குடியரசு உறுதியாக இருந்தது; 1797-ல் நெப்போலியன் வந்து அந்தக் குடியரசையே காலி செய்யும்வரை.

அந்தக் காசில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. மலபார் மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து வெனிஸ் கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்ட செய்தி எட்டியபோது ரியால்ட்டோ வணிகர்கள் கலங்கிப்போனார்கள். 1284-லிருந்து குடியரசு முடியும்வரை கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே உருவத்தில் அடித்த வெனிஸ் தங்கக் காசு தென்னிந்தியாவில் தாராளமாகப் புழங்கியது. அதில் புனித மாற்கிடமிருந்து கொடிக்கம்பத்தை வாங்கும் வெனிஸ் தலைவரின் உருவம் இருக்கும். கம்பத்தைக் கட்டிக்கொண்டு மண்டியிடும் அந்த ஆள் நம்மவர்கள் கண்ணுக்குப் பனையேறுகிறவராகத் தெரிந்தார். அந்தத் தொழிலின் பெயரையே காசுக்கு வைத்துவிட்டார்கள்.

ஆட்களும் வந்தார்கள். மார்கோ போலோ பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் விவரித்திருக்கிறார்; இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல்தான் அது. அவர் குடும்பத்து வீடு இருந்த முற்றம் ரியால்ட்டோவிலிருந்து நடக்கிற தூரத்தில், மலிப்ரான் நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கிறது. இன்னொருவர் நிக்கோலாவ் மனுச்சி. பதினான்கு வயதுவாக்கில் வெனிஸிலிருந்து கப்பலில் ஒளிந்து கிளம்பியவர், முகலாயர்களிடம் பீரங்கிப் படையில் வேலை பார்த்து, வைத்தியராகி, கடைசியில் சென்னையில் திருமணம் செய்துகொண்டு, பரங்கிமலைப் பக்கமும் வாழ்ந்தார். ஔரங்கசீப் காலத்தைப் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் சில சான் மார்கோ சதுக்கத்து மார்ச்சானா நூலகத்தில் இருக்கின்றன. ஊருக்கு அவர் திரும்பவில்லை, எழுத்து திரும்பியது.

கோண்டோலாவும் அபராதமும்

கோண்டோலா ஏறலாமா? பகலில் 30 நிமிடத்துக்கு நகராட்சி விலை 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 110. ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். 2020 வரை ஆறு பேர் என்றிருந்தது. வருகிறவர்களின் எடை கூடிவிட்டது, படகு தாழ்கிறது என்று படகோட்டிகளே ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். புதுமணத் தம்பதிகளுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மற்றவர்கள் படகைக் கூர்ந்து பார்த்தாலே போதும்: சுமார் 11 மீட்டர் நீளம், வேண்டுமென்றே கோணலாகக் கட்டியது, இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஒற்றைத் துடுப்பை வலப்பக்கம் போடுவதால் படகு வட்டமடிக்காமல் நேராகப் போக இந்தக் கோணல்தான் காரணம். சான் த்ரோவாசோ பட்டறையில் இவற்றைப் பழுதுபார்ப்பதைக் கால்வாயின் மறுகரையில் நின்று பைசா செலவில்லாமல் பார்க்கலாம். படகில் ஏறியே தீர வேண்டுமென்றால் பெருங்கால்வாயின் குறுக்கே ஆளை ஏற்றி இறக்கும் த்ராகெத்தோ இருக்கிறது. இரண்டு யூரோ. இரண்டு படகோட்டிகள், சில நிமிடப் பயணம்.

நகராட்சிக்கு அபராதப் புத்தகம் எப்போதும் கையில். புறாவுக்குத் தீனி போடுவது 2008 முதல் குற்றம். கால்வாயில் நீந்துவது குற்றம். 2019-ல் ரியால்ட்டோ படியில் அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மன் பயணிகளுக்கு 950 யூரோ தீட்டினார்கள். 2021 ஆகஸ்ட் முதல் ராட்சத உல்லாசக் கப்பல்கள் சான் மார்கோ எதிரே வருவது தடை. 2024 முதல் கைடோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது.

இவ்வளவு செய்தும் பிடிபடாத கணக்கு ஒன்று இருக்கிறது. ரியால்ட்டோ அருகே சான் பர்த்தலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக் கடை ஜன்னலில் 2008 முதல் மின் எழுத்தில் ஓர் எண் ஒளிர்கிறது: தீவு நகரில் இன்று குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று. 1951-ல் சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்த இடத்தில் 2022-ல் 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 2023-ல் ஒரு குடிமக்கள் குழு கணக்கெடுத்தபோது, பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை மிஞ்சியிருந்தன. வீட்டை வாடகைக்கு விட்டால் மாதத்துக்குக் கிடைப்பது, பயணிக்கு விட்டால் சில இரவுகளில் கிடைக்கிறது. பிள்ளைகள் மெஸ்த்ரேக்குக் குடிபோகிறார்கள். மளிகைக் கடை முகமூடிக் கடையாகிறது. அந்த ஜெர்மானியர் விடுதியே நல்ல சாட்சி. நெடுங்காலம் ஊரின் தபால் நிலையமாக இருந்தது. 2016-ல் ஆடம்பரப் பொருள் அங்காடி ஆனது. 2025-ல் அதுவும் மூடப்பட்டது.

பழைய வெனிஸ் வெளியூர்க்காரனைத் தங்கவைத்துக் காசு பார்த்தது. தங்கினால்தான் தரகருக்கும் படகுக்காரனுக்கும் ரொட்டிக்கடைக்கும் ஏதாவது சேரும். இன்று பகலில் வந்து போகிறவன் சதுக்கத்தைத் தேய்த்துவிட்டு, ஒரு பீட்சாத் துண்டும், முரானோவில் செய்யாத முரானோ கண்ணாடியும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். டிக்கெட் காசு அவனைத் தடுக்காது. குடியிருக்க வீடு வேண்டும் என்பவருக்கு அந்தக் காசு எந்த வழியில் போய்ச் சேரும் என்பதை நகராட்சி இன்னும் விளங்கச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதனால் போகிறவர்கள் இரண்டு இரவாவது தீவிலேயே தங்குங்கள். இரவு தங்குகிறவர்களுக்கு இந்த நுழைவுக் கட்டணம் கிடையாது. விலக்குக்குப் பதிவு மட்டும் செய்ய வேண்டும், தங்கும் வரி விடுதியோடு சேர்ந்துவிடும். பெட்டி சிறியதாக இருக்கட்டும், விடுதி படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ரியால்ட்டோ மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சந்தையைச் சுற்றியுள்ள பாக்கரோ எனும் சின்னஞ்சிறு கடைகளில் நின்றுகொண்டே சாப்பிடலாம்: வறுத்த மத்தியை வெங்காயம், வினிகர், உலர்திராட்சையில் ஊறவைத்தது, ரொட்டி மேல் தடவிய காட் கருவாட்டு விழுது. இந்தக் கருவாடு வந்த கதையும் கடல் கதைதான்: குவெரினி என்ற வெனிஸ் கப்பல் தலைவர் 1432-ல் கப்பல் உடைந்து நார்வே தீவொன்றில் கரையேறி, அங்கே கற்றுக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். சைவக்காரர்களுக்கு சாந்த் எராஸ்மோ தீவில் விளையும் ஊதா நிறக் கூனைப்பூ கிடைக்கும் வசந்த காலம் உகந்தது.

என்னைக் கேட்டால் நவம்பர் என்பேன். 1630-ல் வந்த கொள்ளைநோய் ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியதுதான் சலூத்தே தேவாலயம். ஆண்டுதோறும் நவம்பர் 21 அன்று பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, மெஸ்த்ரேக்குப் போய்விட்டவர்களும் திரும்பி வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அன்றைக்கென்றே சமைக்கும் ஆட்டிறைச்சி முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். வரிசையில் வெனிஸ் பேச்சு வழக்குதான் காதில் விழும். அலையேற்ற மாதம் என்பதால் ரப்பர் பூட்ஸ் எடுத்துப் போங்கள். நவம்பரில் நுழைவுக் கட்டணமும் கிடையாது.